டம்ளர் கவிழ்ந்தால் பில் வராது

ஓட்டலில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து உட்காருகிறீர்கள். பில் வரவில்லை. கையைத் தூக்கிக் காட்டுகிறீர்கள். சப்ளையர் உங்களைத் தாண்டிப் போகிறார். கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று அடுத்த முறை கையை இன்னும் கொஞ்சம் உயரமாகத் தூக்குகிறீர்கள். திருப்பூரில் ஆயுசின் பாதியைச் சப்ளையராகவும், அதற்கப்புறம் சூப்பர்வைசராகவும் ஓட்டலிலேயே கழித்தவன் சொல்கிறேன், நம்புங்கள். அவர் முதல் தடவையே உங்களைப் பார்த்துவிட்டார்.

போன மாதம் மகளும் மாப்பிள்ளையும் என்னை ஒரு பெரிய ஏசி ஓட்டலுக்கு அழைத்துப் போனார்கள். சாப்பாடு அருமை. பில்தான் வரவில்லை. மாப்பிள்ளை எக்ஸ்போர்ட் கம்பெனியில் மேனேஜர். அவருக்கு ஒரு மீட்டிங் இருந்தது. கை தட்டிப் பார்த்தார், எழுந்து நின்று பார்த்தார், முகம் சிவந்துவிட்டது. எனக்கோ உற்சாகம் தாங்கவில்லை. எந்தப் பையன் வேண்டுமென்றே முகத்தைத் திருப்புகிறான், எவன் நிஜமாகவே மாட்டிக்கொண்டு முழிக்கிறான், பில் போடுகிற கம்ப்யூட்டருக்கு முன்னால் எத்தனை பேர் நெரிகிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். "இதையெல்லாம் எழுதி வையுங்க மாமா, படிச்சாவது எங்களுக்கு ஆத்திரம் கொறையும்" என்றார் மாப்பிள்ளை. அதனால் எழுதுகிறேன்.

நான் அவிநாசிபாளையம் பக்கத்துக்காரன். பேர் சுப்பிரமணி. ஐம்பதுகளின் கடைசியில் திருப்பூருக்கு வந்து, காதர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சைவ ஓட்டலில் சேர்ந்தேன். தட்டு எடுத்தேன், தண்ணீர் வைத்தேன், சட்னி வாளி தூக்கினேன், பிறகு சப்ளையர் ஆனேன். அந்த வருஷங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா ஓட்டல்காரனுக்கும் அவை ஒரே மாதிரிதான்.

நான் சேர்ந்த புதிதில் பில் என்ற தாளே கிடையாது. சாப்பிட்டவர் எழுந்து கல்லாவை நோக்கி நடக்கும்போது, சப்ளையர் உள்ளே நின்றபடியே குரல் கொடுப்பார். "பச்சைச் சட்டை, ரவா தோசை ஒண்ணு, வடை ஒண்ணு, காப்பி ரெண்டு." கல்லாவில் இருப்பவர் மனசுக்குள் கூட்டிக்கொள்வார். காத்திருப்பு என்ற பேச்சே இல்லை. ஆனால் பனியன் கம்பெனிகள் தெருவுக்குத் தெரு முளைத்து, மத்தியானக் கூட்டம் வாசல் வரைக்கும் நின்றபோது, ஒரே நேரத்தில் நாலு பச்சைச் சட்டை எழுந்து போக ஆரம்பித்தன. முதலாளி அச்சகத்தில் சொல்லிப் பில் புத்தகம் அடித்து வந்தார். தொல்லையும் அன்றைக்கே ஆரம்பமானது.

எங்கள் சூப்பர்வைசர் நாச்சிமுத்தண்ணன். ஒல்லியான மனிதர். வெள்ளை வேட்டி, வெள்ளை அரைக்கைச் சட்டை, காதில் பென்சில். ஹாலின் நடுத் தூணில் சாய்ந்து நிற்பார் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். கூர்ந்து பார்த்தால் தூணுக்கும் அவர் முதுகுக்கும் நடுவில் விரல் அளவு இடைவெளி இருக்கும். யாரையும் சத்தம் போட்டு அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சாம்பார் கேட்கிற மேசையைப் பார்த்துவிட்டு நம்மைப் பார்ப்பார், அவ்வளவுதான். நம் கால் தானாக அந்த மேசைக்குப் போய்விடும்.

பில் விஷயத்தில் அவர் வைத்திருந்த முறையை இன்றைக்கும் என்னால் தூக்கத்தில் சொல்ல முடியும். தட்டில் கை ஓய்கிறபோது எழுதத் தொடங்க வேண்டும். "வேறென்ன வேணுங்க" என்று கேட்டு, வேண்டாம் என்ற பதில் வந்தபிறகே கூட்டிப் போட வேண்டும். சாப்பிட்டவர் கை கழுவி வருவதற்குள் பில் மேசையில் இருக்க வேண்டும், எழுத்துப் பக்கம் கீழே பார்த்தபடி. ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க மேலே டம்ளர். கை கழுவி வந்த மனிதன் மறுபடி உட்காரும்படி ஆகக் கூடாது, உட்கார்ந்தால் அது நம் தோல்வி. இதுதான் அவர் கணக்கு. மத்தியானச் சங்கு ஊதி அரை மணி நேரம் அந்த ஹாலில் நாங்கள் ஓடியதை நினைத்தால் இப்போதும் உள்ளங்கால் சூடாகிறது. ஒரு கையில் மூன்று தட்டு, காதில் பென்சில், மடியில் பில் புத்தகம். வேலைக்குத் திரும்பச் சொல்லி முதல் சங்கு ஊதும், இரண்டாவது சங்குக்குள் எல்லாத் தொழிலாளியும் கம்பெனிக்குள் இருந்தாக வேண்டும். ஒருத்தர்கூட எங்களால் தாமதமாகக் கூடாது என்று நாங்கள் ஓடுவது ஒரு பந்தயம் மாதிரி இருக்கும்.

கீழே ஹாலில் இப்படி. மாடியில் எல்லாம் தலைகீழ்.

மாடி அறை வியாபாரிகளுக்கு. காதர்பேட்டைக்குச் சரக்கு எடுக்க வருகிற வெளியூர்க்காரர்களை உள்ளூர் முதலாளிகள் அங்கேதான் சாப்பிட அழைத்து வருவார்கள். கல்கத்தா, கான்பூர், பம்பாய் என்று எங்கெங்கிருந்தோ வருவார்கள். பேரம் கடையில் ஆரம்பித்து, சாப்பாட்டு மேசையில்தான் முடியும். அங்கே பில் சீக்கிரம் வந்தால் ஆபத்து. பில் வந்தால் வந்தவர் எழுந்துவிடுவார். எழுந்தால் பேச்சு அறுந்துவிடும், ரயிலேறிவிடுவார். அதனால் ஒரு சைகை உண்டாயிற்று. உள்ளூர்க்காரர் தன் காப்பி டம்ளரைக் காலி செய்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைப்பார். டம்ளர் கவிழ்ந்திருக்கும் வரை பில் போகக் கூடாது. நிமிர்த்திவைத்தால் அடுத்த நொடி பில் இருக்க வேண்டும்.

இந்தச் சைகையைத் தொடங்கிவைத்தவர் காசிம் ராவுத்தர். சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருந்தார். நேர்மையான மனிதர், கறாரான மனிதர். ஊரில் எல்லாருக்கும் அவர் பாய். அவரைப் பார்த்து மற்றவர்களும் பழகிக்கொண்டார்கள்.

டம்ளர் கவிழ்ந்த மேசையைக் கவனித்துக்கொள்வது தனிக் கலை. வந்தவர் பில் கேட்பார். "இதோ வருதுங்க" என்று சொல்லி மறைந்துவிட வேண்டும். இரண்டாவது முறை கேட்டால் பீடாத் தட்டு நீட்ட வேண்டும். மூன்றாவது முறை கேட்டால் "கல்லாவுல கூட்டிட்டு இருக்காங்க" என்று சொல்ல வேண்டும். முகத்தில் சிரிப்பும் இருக்கக் கூடாது, அவசரமும் இருக்கக் கூடாது. நம் கண் அவர் கண்ணைச் சந்திக்கவே கூடாது. இவ்வளவு நயமாக அதைச் செய்யக்கூடியவர் நாச்சிமுத்தண்ணன் ஒருவர்தான். அதனால் மாடிக்குப் பில் கொடுக்கிற உரிமை அவரிடம் மட்டும் இருந்தது. அங்கே கேட்டதும் பார்த்ததும் படி இறங்கக் கூடாது என்பது அவர் எங்களுக்குப் போட்டிருந்த கட்டளை. எந்த வியாபாரி எந்த விலைக்கு இறங்கி வந்தான் என்று எங்கள் வாயிலிருந்து ஒருபோதும் வெளியே போனதில்லை.

இன்னொரு இடத்துக்கும் அவர்தான் பில் கொடுக்க வேண்டும். பேமிலி ரூம். ஹாலுக்குப் பின்னால் பலகைத் தடுப்பு, அரைக் கதவு, அதற்கு மேல் ஒரு திரை. பெண்களோடு வருகிறவர்கள் அங்கேதான் உட்கார வேண்டும். யாரோ ஒரு சப்ளையர் திரையை விலக்கி எட்டிப் பார்த்தான் என்று ஒரு சண்டை வந்ததிலிருந்து, பலகாரம் கொண்டுபோய் வைப்பவர் உடனே திரும்பிவிட வேண்டும், பில்லை நாச்சிமுத்தண்ணன் மட்டும் போய் அந்தக் குடும்பத்து ஆண் கையில் கொடுக்க வேண்டும் என்று முதலாளி சட்டம் போட்டுவிட்டார். அதில் ஒரு குறை இருப்பது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. ஆண் துணையில்லாமல் பெண்கள் வந்தால் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவே இல்லை. அப்படி யாரும் வந்ததே இல்லையே.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தார்கள்.

ஆறு பேர். பனியன் கம்பெனியில் பீஸ்களைச் சரிபார்த்து மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்குகிறவர்கள் என்று பார்த்ததும் தெரிந்தது. சேலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. முன்னால் வந்தவர் பேர் ருக்மணி என்று பிறகு தெரிந்துகொண்டேன். முப்பது வயசு இருக்கும். சம்பள நாள். வாரம் முழுக்கத் தூக்குப்போசியில் பழைய சோறு கொண்டுவந்து சாப்பிட்டவர்கள், ஒரு நாளைக்கு ஓட்டலில் உட்கார்ந்து மசால் தோசை சாப்பிடுவது என்று எத்தனையோ நாளாகப் பேசிப் பேசி அன்றைக்குத் துணிந்திருந்தார்கள்.

"எடம் இருக்குதுங்களா?" என்று ருக்மணி கேட்டபோது ஹாலில் பேச்சு நின்றுவிட்டது. அத்தனை ஆண்களும் தோசையைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். நான் வேகமாக அவர்களைப் பேமிலி ரூமுக்கு அழைத்துப் போனேன். திரைக்குப் பின்னால் போனதும் ஆறு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள் பாருங்கள், அப்படியொரு சிரிப்பு. தோசை கொண்டுபோனபோது அதன் நீளத்தைப் பார்த்து மறுபடி ஒரு சிரிப்பு. எனக்கே சந்தோஷமாக இருந்தது. சட்னி கேட்காமலேயே இரண்டு முறை வைத்தேன்.

சாப்பிட்டு முடித்தார்கள். நான் மாடிக்கு ஓடி நாச்சிமுத்தண்ணனிடம் பேமிலி ரூமுக்குப் பில் வேண்டும் என்று சொன்னேன். அவர் ஒரு மேசைக்கு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். மேசையில் காசிம் பாய். எதிரே கல்கத்தாவிலிருந்து வந்திருந்த கிஷன்சந்த் சேட். பாயின் டம்ளர் கவிழ்ந்திருந்தது. அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார். பொறு என்று அர்த்தம்.

சேட் எரிச்சலில் இருந்தார். பில் கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்துவிட்டது. நாற்காலியைப் பின்னால் தள்ளுவதும், மறுபடி முன்னால் இழுப்பதுமாக இருந்தார். அண்ணன் அந்த இடத்தைவிட்டு நகர்ந்தால் சேட்டும் எழுந்து பின்னாலேயே கல்லாவுக்கு இறங்கிவிடுவார். அவ்வளவு நெருக்கத்தில் இருந்தது பேரம். பாயின் நெற்றியில் வேர்வை. அந்த வருஷம் நூல் விலை ஏறிக் கிடந்தது, சின்னக் கம்பெனிகள் பல மெஷினை நிறுத்தியிருந்தன. அந்த ஆர்டர் இல்லாவிட்டால் பாய் கதியும் அதுதான் என்று எங்களுக்கெல்லாம் தெரியும்.

கீழே வந்தேன். திரைக்குள் சிரிப்பு நின்றிருந்தது. ருக்மணி அரைக் கதவுக்கு மேலாகத் தலையை நீட்டினார். "அண்ணா, பில்லு வருங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். இதோ வருகிறது என்றேன். மாடியில் சொல்கிற அதே வார்த்தை. ஆனால் இங்கே அதைச் சொன்னபோது நாக்கு கசந்தது.

முதல் சங்கு ஊதியது.

ஹாலில் இருந்தவர்கள் அவசரமாக எழுந்து கல்லாவை நோக்கி நெரிந்தார்கள். பில் அவர்கள் கையில் இருந்தது. பில் இல்லாமல் இருந்தது திரைக்குப் பின்னால் ஆறு பேர் மட்டும்தான். நான் மறுபடி மாடிக்கு ஓடினேன். டம்ளர் கவிழ்ந்தே இருந்தது. அண்ணனின் கண் என்னை நோக்கித் திரும்பவே இல்லை. திரும்பி இறங்கி வருகிறேன், பாதிப் படியில் அந்தக் குரல் கேட்டது.

ருக்மணி வெளியே வந்துவிட்டார். ஹாலின் நடுவே அத்தனை ஆண்களுக்கும் மத்தியில் நேராக நடந்து, கல்லாவுக்கு முன்னால் நின்று, பழைய காலத்துச் சப்ளையர் மாதிரியே கணீரென்று சொன்னார். "மசால் தோசை ஆறு, வடை மூணு, காப்பி மூணு. கூட்டிச் சொல்லுங்க."

ஹால் ஸ்தம்பித்துப் போயிற்று. கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் முதலாளியின் மச்சான். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பில் இல்லாமல் வாங்க முடியாது, உள்ளே போய் உட்காருங்கள் என்றார். ருக்மணி பத்து ரூபாய் நோட்டை நீட்டினார். ஆறு பேருக்கும் சேர்த்து அது ஒன்றுதான். அதை அப்படியே விட்டுவிட்டுப் போகவும் முடியாது, பில் இல்லாமல் அவர் மீதி தரவும் மாட்டார். காசு கொடுக்காமல் ஓடிப் போவது அவர்களால் ஆகிற காரியமா? மற்ற ஐந்து பேரும் திரையை ஒட்டி வந்து நின்றார்கள். அந்த நிற்பைப் பார்க்கச் சகிக்கவில்லை.

நான் படியில் திரும்பி ஏறினேன். பாய் மேசைக்கு நேராகப் போய் அண்ணனின் காதில், பேமிலி ரூம்காரர்களுக்குக் கம்பெனி கேட் மூடப்போகிறது என்று சொன்னேன். டம்ளர் கவிழ்ந்த மேசையை அப்படி யாரும் நெருங்கியதே இல்லை. பாய் என்னை முறைத்தார். அண்ணன் ஒரு கணம் நின்றார். பிறகு இறங்கினார். படியிலேயே பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டு இறங்கினார். பில், மீதி எல்லாம் ஒரே மூச்சில் முடிந்தது. பயந்தபடி சேட் பின்னாலேயே இறங்கி வரவும் இல்லை. ஆறு பேரும் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். அவர்கள் முக்குத் திரும்புவதற்குள் இரண்டாவது சங்கு ஊதிவிட்டது.

திங்கட்கிழமை காலை, நல்ல டிபன் கூட்டம். ஆறு பேரும் ஓட்டலின் பின்பக்கமாக, விறகு இறக்குகிற வாசலில் வந்து நின்றார்கள். அண்ணனும் நானும் போனோம்.

சனிக்கிழமை அவர்கள் போனபோது கேட் மூடியாகிவிட்டது. உள்ளே லாரிக்குப் பெட்டி ஏற்ற வேண்டிய வேலை கிடந்தது. மடிக்க ஆளில்லாமல் லாரி காத்து நின்றிருக்கிறது. ஆட்களை வேலை வாங்குகிற கம்பெனி மாஸ்டர் கேட்டுக்கு வெளியே வந்து, ஓட்டலில் ஒய்யாரமாக உட்கார்ந்து சாப்பிடுகிற பொம்பளைகளுக்கு இங்கே வேலை இல்லை, இனி வரவேண்டாம் என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டார். அந்தச் சொல் அவர்களுக்கு முன்னால் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டது. சரசு என்கிற இளம்பெண் பேசாமல் அழுதுகொண்டிருந்தாள். அவள் மாமியார் அவளை வாசலிலேயே நிறுத்தி, யாரோடு ஓட்டலுக்குப் போனாய் என்று கேட்டிருக்கிறாள்.

"நாங்க சீக்கிரமாத்தானுங்க சாப்புட்டோம்" என்றார் ருக்மணி. "உங்க பில்லு வரலைன்னு ஒருத்தரு வந்து சொன்னீங்கன்னாப் போதுமுங்க. சும்மா உக்காந்திருக்கலைன்னு மட்டும் சொல்லோணும்."

"எந்தக் கம்பெனி அம்மிணி?" என்று கேட்டார் அண்ணன்.

"காசிம் ராவுத்தர் கம்பெனிங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மாடியில் டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தவரின் சொந்தத் தொழிலாளிகள்தான் கீழே காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நாச்சிமுத்தண்ணன் கூட்ட நேரத்தில் ஓட்டல் வாசற்படியைத் தாண்டி நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குத் தோளில் இருந்த துண்டை எடுத்து ஆணியில் மாட்டினார், "வா சுப்பா" என்றார், இறங்கி நடந்தார். பின்னால் நான், எனக்குப் பின்னால் ஆறு பெண்கள். காதர்பேட்டைக் கடைக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

கேட்டில் மாஸ்டர் பெண்களை வெளியே நிறுத்திவிட்டார். ருக்மணி மட்டும் எங்களோடு உள்ளே நுழைந்துவிட்டார். மாஸ்டரும் பின்னாலேயே வந்தார். ஆபீஸ் அறைக்குள் போனோம். பாய் தனியாக இல்லை. கிஷன்சந்த் சேட் எதிரே உட்கார்ந்து மேசை நிறைய சாம்பிள் பனியன்களைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்டர் பேசி முடித்தாயிற்று, எழுதிக் கையெழுத்துப் போடவில்லை என்பது பார்த்தவுடன் புரிந்தது. பல வருஷமாகத் திருப்பூருக்கு வந்துபோகிற சேட்டுக்குத் தமிழ் நன்றாகவே புரியும்.

இப்போது என்ன சொல்வது? பில் ஏன் தாமதமாயிற்று என்ற நிஜத்தைச் சொன்னால், தன்னை வேண்டுமென்றே பிடித்துவைத்திருந்தார்கள் என்று சேட்டுக்குத் தெரிந்துவிடும். ஆர்டர் போய்விடும். ஆர்டர் போனால் ஆறு பேர் என்ன, மொத்தக் கம்பெனிக்குமே வேலை இல்லை. சொல்லாவிட்டால் இந்த ஆறு பேருக்கும் வேலையோடு பேரும் போகும்.

"என்ன நாச்சிமுத்து, ஓட்டலை விட்டுப்போட்டு இந்த நேரத்துல?" என்றார் பாய்.

"ஒரு விசயம் சொல்லோணுமுங்க பாய். சனிக்கெழமை உங்க பொம்பளைங்க லேட்டா வந்தது அவுங்க தப்பு இல்லீங்க. சாப்புட்டு முடிச்சுட்டுக் காத்துட்டு இருந்தாங்க. நாங்கதான் பில்லுக் குடுக்கல."

பாய் முகம் இறுகியது. சங்கு என்றால் சங்குதான், ஆளுக்கு ஒரு காரணம் கேட்டுக்கொண்டிருந்தால் கம்பெனி நடத்த முடியாது என்றார். உங்கள் ஓட்டலில் பில் கொடுக்க ஆளா இல்லை என்றும் கேட்டார். மாஸ்டர் தலையை ஆட்டினார். ருக்மணி தலை குனியவில்லை.

மேசை ஓரத்தில் தண்ணீர்ப் பானையும் டம்ளரும் இருந்தன. "கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறனுங்க" என்று அண்ணன் ஒரு டம்ளர் மோந்து நிதானமாகக் குடித்தார். குடித்துவிட்டு, அந்த டம்ளரைப் பாய்க்கு நேர் எதிரே, சாம்பிள்களுக்கு நடுவில், கவிழ்த்து வைத்தார்.

"நான் அந்த நேரத்துல மாடில இருந்தனுங்க பாய்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பாய் டம்ளரைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். பிறகு ருக்மணியைப் பார்த்தார். பாயின் முகத்தில் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டே வருவதை நான் கண்ணால் பார்த்தேன். தான் மேலே டம்ளரைக் கவிழ்த்துவைத்தது, கீழே தன் ஆட்கள் உட்கார்ந்திருந்தது, தன் லாரியே தன்னால் காத்து நின்றது, எல்லாம். காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டார்.

எழுந்தார். தன் கையாலேயே டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"மாஸ்டர், கேட்டைத் தொறந்து அவுங்களை உள்ள விடுங்க. சனிக்கெழமை அரை நாளும் சேத்துப் போடுங்க" என்றார். பிறகு ருக்மணியிடம் திரும்பி, "நீங்க வேலையப் பாருங்கம்மா. யாரு ஊட்டுலயாவது எதாச்சும் கேட்டாங்கன்னா, பாய் வந்து பேசறேன்னாருன்னு சொல்லுங்க" என்றார். சொன்னபடியே அன்றைக்குச் சாயங்காலம் சரசு வீட்டு வாசலில் போய் நின்று பேசிவிட்டு வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ருக்மணிக்கும் டம்ளர் கதை புரிந்திருக்காது. ஆனால் கேட் திறக்கிற சத்தம் கேட்டதும் அவர் கண்ணில் வந்த வெளிச்சம் இருக்கிறதே, அதற்காக எத்தனை நாள் வேண்டுமானாலும் ஓட்டலை விட்டு வரலாம் என்று தோன்றியது.

நாங்கள் கிளம்பினோம். வராந்தா வரைக்கும் வந்திருப்போம், சேட் பின்னாலேயே வந்துவிட்டார். வெற்றிலை வாயோடு என் தோளில் கை போட்டார்.

"உங்க ஊர்ல டம்ளரா?" என்றார் மெல்ல. "எங்க ஊர்ல பீடாத் தட்டைத் திருப்பி வெப்பாங்க. நானே வெப்பேன்." கண்ணைச் சிமிட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து, ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். ஆக, சனிக்கிழமை அவர் காட்டிய எரிச்சலில் எவ்வளவு நிஜம், எவ்வளவு பேரம் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

தெருவில் வந்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் சிரிக்கவில்லை. அன்றைக்குக் கடை மூடுவதற்கு முன்னாலேயே முதலாளியிடம் பேசி, பேமிலி ரூம் உட்பட எந்த மேசைக்கும் பரிமாறுகிற சப்ளையரே பில் கொடுக்கலாம், யார் கேட்டாலும் கொடுக்கலாம் என்று மாற்றிவிட்டார். முதலாளி முதலில் முணுமுணுத்தார். இந்தச் சட்டம் மாறவில்லை என்றால் தான் வேறு ஓட்டல் பார்த்துக்கொள்வதாக அண்ணன் சொன்னதும் சரி என்றுவிட்டார். மாடிக்கு மட்டும் பழைய முறையே இருந்தது. வியாபாரம் வியாபாரம்தானே.

அடுத்த சம்பள நாள் வந்தது. மத்தியானச் சங்கு ஊதியதும் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வந்தார்கள். ஆறு பேரோடு இன்னும் இரண்டு பேர் கூட. நான் பேமிலி ரூம் திரையை விலக்கிப் பிடித்தேன். ருக்மணி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "இங்கயே உக்காந்துக்கறோமுங்கண்ணா" என்று சொல்லி, ஹாலின் நடுவில் தூணுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார். மற்றவர்களும் நாற்காலி இழுத்துப் போட்டு நெருக்கி உட்கார்ந்தார்கள். சரசு தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். ஹாலில் இந்தத் தடவையும் தலைகள் திரும்பின. அப்புறம் அவரவர் தட்டை அவரவர் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அன்றைக்கு நான் எழுதிய பில்லைப் போல அதற்கப்புறம் எழுதியதில்லை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கட்டும் என்று எழுதினேன். அவர்கள் கை கழுவி வருவதற்குள் மேசையில் வைத்தேன். எட்டுப் பேரும் அதன் மேல் குனிந்து படித்தார்கள். ருக்மணி போய்க் கல்லாவில் காசு கொடுத்துவிட்டு மீதியோடு வந்தார். கல்லாக்காரர் இந்த முறை நிமிர்ந்து பார்த்து வாங்கினார்.

முதல் சங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. வாசலில் இடத்துக்காகக் கூட்டம் நின்றுகொண்டிருந்தது. காசு கொடுத்து முடித்த எட்டுப் பேரும் எழுந்திருக்கவில்லை. ருக்மணி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து எதையோ சொல்ல, மற்ற ஏழு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காத்து நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் நாச்சிமுத்தண்ணனைப் பார்த்தேன். அவர் அந்த மேசையை ஒரு முறை பார்த்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.